செத்தவன் சொன்ன சம்மதம்

அத்தியாயம் ஐந்து

சீனக் கணக்கில் ஏழாம் மாதத்தில் கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும் படகை விட்டு இறங்கக் கூடாது என்பது படகிலேயே வாழும் எங்கள் ஜனத்தின் கட்டுப்பாடு. பேய்கள் ஊருக்குள் நடமாடும் மாதம். ஆனால் என் எஜமானரிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. பேயே வந்து நின்றாலும் உன் விலாசம் என்ன என்று கேட்கிற மனிதர் அவர்.

பெயர் பெலார்மினோ ரொசாரியோ. அப்பா வழியில் போர்த்துகீசியர், மற்றபடி சீனக் கரையிலிருக்கும் இந்த மக்காவ் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு காலத்தில் கப்பலேறும் கூலிகளிடம் சம்மதமா என்று கேள்வி கேட்கும் குடிப்பெயர்ச்சிக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டு வேலையைத் தொலைத்துவிட்டு, இப்போது காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கிறார். காலில் வாதம், அதிகம் நடக்க மாட்டார். அதனால்தான் ஸாம்முய் என்கிற நானும் என் சம்பான் படகும் அவருக்கு வேண்டியிருக்கிறோம். துடுப்பு மட்டும்தான் என்னுடையது, மூளை அவருடையது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று மத்தியானம் உள்துறைமுகப் படித்துறையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் வந்து நின்றாள். படகில் ஏறாமல் தயங்கினாள்.

"உள்ள வாங்கக்கா" என்றேன்.

"நான் துக்கக்காரி. அடுத்தவங்க வாசப்படி மிதிக்கக் கூடாதும்மா."

"எங்க படகுக்கு வாசப்படியே கிடையாது. தைரியமா ஏறுங்க."

ஏறினாள். பெயர் யூக்லான். கணவன் வாய்தோங் இரண்டு மாதத்துக்கு முன் வாந்திபேதியில் போய்விட்டான். ஆணியடித்த பெட்டியைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள், முகம் பார்க்க விடவில்லை. இப்போது ஒரே மகன் கின்சாங்கையும் காணோம். கடையைக் கழுவிவிட ஆள் வேண்டும் என்று எவனோ கூட்டிக்கொண்டு போனானாம். பையனைப் பரெட்டோ என்கிற ஏஜென்டின் கூலிக் கொட்டடிக்குள் தள்ளிக்கொண்டு போனதை ஒரு சுமைகூலி பார்த்திருக்கிறான்.

பரெட்டோவின் கொட்டடி என்றால் அடுத்தது கப்பல். கப்பல் என்றால் பெரு நாடு. அங்கே தீவில் உரத்துக்காகப் பறவை எச்சம் வெட்டப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"கப்பல் எப்போ?" பெலார்மினோ கேட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம்னு சொல்றாங்க ஐயா. காலையில கச்சேரி ஜன்னலுக்குக் கீழ போயி நின்னேன். எம்புள்ள கேள்விக்கு வந்தா 'இல்லை, எனக்கு இஷ்டம் இல்லை'ன்னு சொல்லுடான்னு கத்தலாம்னு இருந்தேன். ஆனா..."

தேநீரை நீட்டினேன், வாங்கவில்லை.

"ஆனா அவரு குரல் கேட்டுச்சு ஐயா. எம்புருஷன் குரல். அந்த இழுப்பு, அந்த இருமல். இருபது வருஷம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? அங்க தனியா இருக்க முடியாம புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு."

வெளியே வெயிலே இல்லை. வானம் புயலுக்கு முந்திய மஞ்சளில் தொங்கிக்கொண்டிருந்தது. படித்துறை முழுக்க ஊதுபத்திப் புகை. பேய்களுக்காக யாரோ எரித்த காகிதத் துணிமணிகளின் சாம்பல் தண்ணீரில் மிதந்து வந்து என் படகின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நாளில் இந்த மாதிரிக் கதையா!

"என்ன சொன்னாரு உன் புருஷன்? வார்த்தை மாறாமச் சொல்லு" என்றார் பெலார்மினோ.

"'என் பேரு மோக் லுன். மனசாரச் சம்மதிச்சுத்தான் போறேன்.' அவ்வளவுதாங்க."

"மோக் லுன் யாரு?"

"தெரியாதுங்க. அவரு பேரு ஹோ வாய்தோங்."

பெலார்மினோ என் பக்கம் திரும்பினார். "பேய்க்கு எதுக்கு ஸாம்முய் பொய்ப் பேரு?"

"போலீசுக்குப் பயந்து ஓடுற பேயோ என்னமோ!"

அவர் சிரிக்கவில்லை. "பையன் ஊர்க்காரன்தானே? ஊர்க்காரனைக் கப்பலேத்த முடியாது. குடிக்கணக்குல பேரு இருக்கா?"

"இருந்துச்சு. வீட்டுத் தலைவரு செத்தா அந்த வீட்டையே கணக்குல அடிச்சுடறாங்க. மறுபடி போயி எழுதிக்கணுமாம். துக்கத்துல எப்படிங்க கச்சேரி வாசல் மிதிக்கிறது? நூறு நாள் முடியட்டும்னு இருந்துட்டோம்."

அப்படியென்றால் காகிதத்தில் கின்சாங் என்று ஒருத்தன் இந்த ஊரில் இல்லவே இல்லை. அவனை யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் கப்பலேற்றலாம். நான் வாயை மூடிக்கொண்டு துடுப்பைப் போட்டேன்.

பரெட்டோவின் கொட்டடி தண்ணீர் ஓரத்திலேயே இருக்கிறது. வாசலில் ஆலமரம், அதன் அடியில் ஒரு நாவிதன். கேள்விக்குப் போகிற எல்லோருக்கும் முன்நெற்றியை மழித்துப் பின்னலை ஒழுங்குபண்ணி அனுப்புவது அவன் வேலை. ஆள் சுத்தமாக இருந்தால்தான் தானாக விரும்பி வந்தவன் மாதிரி இருக்குமாம்!

யூக்லானைப் பாய்க்கூரைக்குள் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் அவனிடம் போனேன்.

"என்ன மாமா, இன்னிக்கு நல்ல அறுவடையா?"

"அடப் போம்மா. கை போச்சு. ஒரு பய கடிச்சு வச்சுட்டான் பாரு." கட்டைவிரலைக் காட்டினான். பல் பதிந்திருந்தது.

"மொட்டை போட்டா கடிக்காம கொஞ்சுவானா?"

"அட, நான் மழிக்கவே இல்லை. கிட்டத்தான் போனேன். நெத்தியில ரெண்டு மாச முடி, பின்னல்ல வெள்ளைக் கயிறு. அப்பன் செத்த புள்ள. அது தெரிஞ்சதும் கத்தியை மடக்கிட்டேன். நூறு நாள் முடியாதவன் தலையில கத்தி வச்சா என் கை அழுகிடாதா? பரெட்டோ ஆளுங்க அடிச்சாலும் முடியாதுன்னுட்டேன்."

"அப்புறம் அவனை என்ன பண்ணாங்க?"

"உள்ள இழுத்துட்டுப் போனாங்க. எனக்கென்ன தெரியும்."

வந்து சொன்னேன். பெலார்மினோ கேட்டுக்கொண்டே பொடி போட்டார். அவர் பொடி போட்டால் எங்கேயோ ஒரு நூல் அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். "கச்சேரிக்கு விடு" என்றார்.

கச்சேரி வாசல் காவலில் திமோர்த் தீவுச் சிப்பாய் பொனிஃபாசியோ. பழைய சிநேகம். பெலார்மினோ படகில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"டேய், இன்னிக்குக் கேள்விக்கு வந்தவங்கள்ல நெத்தி மழிக்காதவன் யாராவது உண்டா? வெள்ளைக் கயிறு கட்டினவன்?"

"ஒருத்தனும் இல்லீங்க. எல்லா நெத்தியும் பளபளன்னு இருந்துச்சு. துக்கக்காரன் வந்தா கேள்வி கேக்கிற சால்வாதோ துரை விடுவாரா? வீட்ல சாவு வச்சுக்கிட்டு நூறு நாள் முடியாம எந்தச் சீனனும் இஷ்டப்பட்டுக் கப்பலேற மாட்டான்னு அவருக்கு நல்லாத் தெரியும். அந்த இடத்துலயே நிறுத்திடுவாரு."

"எழுதின ஒப்பந்தச் சீட்டு எல்லாருக்கும் குடுத்தாச்சா?"

"எல்லாரும் சீட்டோட முற்றத்துல உக்காந்திருக்காங்க. தண்ணி ஏறினதும் பின்படியில இறக்கிப் கப்பலுக்குக் கொண்டுபோற பெரிய படகுல ஏத்துவாங்க."

பெலார்மினோ என்னைப் பார்த்தார். "புரியுதா?"

"புரியுது. பையன் மேஜைக்கு முன்னாடி வரவே இல்லை. வந்தா 'மாட்டேன்'னு கத்துவான். கத்தலைன்னாலும் தலைமுடியே காட்டிக்குடுத்துடும். அதனால மழிச்ச நெத்திக்காரன் ஒருத்தன் அவன் இடத்துல நின்னு 'சம்மதம்'னுட்டான்."

"மூளை எனக்குத்தான்னு சொன்னது தப்பு" என்றார். "நான் அங்க வேலை பார்த்தப்போ ஒருத்தனைக் கேட்டேன், 'நேத்தும் நீதானேடா வேற பேருல வந்தே'ன்னு. மறுநாள் எனக்கு வேலை இல்லை. சம்மதம் சொன்ன ஆளு பின்படியில இறங்குற வரைக்கும் வருவான். அங்க சீட்டை மாத்திக்கிட்டு, கட்டிப்போட்ட ஆளைப் பெரிய படகுல தள்ளிட்டு, இவன் ஒரு சம்பான்ல ஏறித் தப்பிச்சுடுவான். எந்தச் சம்பான்னு கண்டுபிடி."

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பின்படிக்குக் கீழே பாசி பிடித்த தூண்களுக்கு நடுவில் ஒரே ஒரு சம்பான் காத்துக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவள் என் சித்தி மகள். எதற்கு என்று தெரியாமலே இத்தனை நாளாக ஓட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னேன். முகம் வெளுத்து ஒதுங்கிக்கொண்டாள். அந்த இடத்தில் என் படகை நுழைத்தேன். பெலார்மினோ முன்வாசலுக்கு நொண்டிக்கொண்டே போனார். போகும்போது, "பெரிய படகு கிளம்பாம நான் பாத்துக்கறேன். நீ அவனை மட்டும் கொண்டு வா" என்றார்.

படகுக்காரி மாறியது தெரிந்துவிட்டால்? நான் அதை யோசிக்கவே இல்லை. கரைக்காரர்கள் படகுக்காரி முகத்தை ஒருநாளும் பார்ப்பதில்லை. எங்கள் துடுப்பைத்தான் பார்ப்பார்கள்.

தண்ணீர் ஏறியது. மேலே காலடிச் சத்தம், அதட்டல், யாரோ விசும்புவது. தூண் மறைவில் பாய் போர்த்திய ஒரு படகிலிருந்து எதையோ தூக்கிப் பெரிய படகுக்குள் போட்டார்கள். மூட்டை மாதிரி விழுந்தது, ஆனால் மூட்டை உதைக்காதே. அதற்குள் கூம்புத் தொப்பி போட்ட ஒருத்தன் படியிலிருந்து என் படகுக்குள் தாவினான்.

"வழக்கமான இடத்துக்கு விடு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். இருமினான்.

பாய்க்கூரைக்குள் குனிந்து நுழைந்தான். நுழைந்தவன் அப்படியே உறைந்துவிட்டான். உள்ளே வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தாள் யூக்லான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முதலில் கூரை விளக்கின் வெளிச்சத்தில் பலகையில் விழுந்த அவன் நிழலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவன் கணுக்காலைத் தொட்டாள். சூடாக இருந்திருக்க வேண்டும். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நிழல் இருக்கு, பேய் இல்லை" என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"யூக்லான், சத்தம் போடாத." அவன் மண்டியிட்டான். "போன வருஷம் ஒரு வழக்குல பொய்ச்சாட்சி சொல்லப் போயி, எம்மேல சம்மன் வந்துச்சு. செத்தவனுக்குச் சம்மன் வராதுல்ல? கொட்டடிக்காரங்கதான் ஏற்பாடு பண்ணாங்க. பெட்டியில யாரோ ஒரு அநாதை. கொஞ்ச நாள் கழிச்சு உங்களையும் கூப்பிட்டுக்கலாம்னு..."

"நான் அந்தப் பெட்டி மேல விழுந்து அழுதேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

எனக்கு அவனைத் துடுப்பாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. பேயாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"கின்சாங் எங்க?" என்று கேட்டாள் அவள்.

"வீட்ல இல்லையா?" நிஜமாகவே விழித்தான்.

"இன்னிக்கு யாருக்காகச் சம்மதம் சொன்னீங்க?"

"மோக் லுன்னு எவனோ. பேரை மட்டும் சொல்லிக் குடுப்பாங்க. ஆளைப் பாக்கிறதில்லை. பாத்தா இந்தத் தொழில் பண்ண முடியுமா?"

யூக்லான் கூரைப் பாயை விலக்கிப் பெரிய படகைக் காட்டினாள். அங்கே மற்றவர்களுக்கு நடுவில், நெற்றி நிறைய முடியோடு, கை கட்டப்பட்ட ஒருத்தன் எழ முயன்று விழுந்துகொண்டிருந்தான். இவன் சாகவில்லை என்று தெரியாமல், இவனுக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிற இவன் மகன்.

வாய்தோங்கின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என் எதிரிக்குக்கூட வரக் கூடாது. ஆனாலும் நான் படகைக் கச்சேரிப் படித்துறைக்கு விட்டபோது முதலில் அவன் கண் தேடியது தப்பிக்கிற வழியை. தண்ணீரில் குதிக்கப் போனான். தொப்பிக் கயிற்றைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

படித்துறையில் பெலார்மினோ சண்டையை ஏற்கனவே ஆரம்பித்திருந்தார். அதிகாரி சால்வாதோ, களைத்துப்போன மீசைக்காரர், பெரிய படகை நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்தில் ஏஜென்ட் பரெட்டோ குதித்துக்கொண்டிருந்தான்.

"துரை, ஒரே ஒரு தலையைப் பாருங்க" என்றார் பெலார்மினோ. "காலையில உங்க மேஜைக்கு வந்த அத்தனை நெத்தியும் மழிச்ச நெத்தி. சாயங்காலத்துக்குள்ள ஒருத்தனுக்கு மட்டும் ரெண்டு மாச முடி முளைச்சிருக்கு. பெரு நாட்டு உரத்தை இங்கேயே போட்டுட்டாங்களா?"

சால்வாதோ கின்சாங்கைக் கரைக்கு இழுத்து வரச் சொன்னார். வாயில் அடைத்த துணியை எடுத்தார்கள். பையனின் நெற்றியை அவர் உற்றுப் பார்த்தார். முகம் கருத்துவிட்டது.

"இவன் சம்மதம் சொன்னவன் இல்லை. அப்போ சொன்னவன் யாரு?"

நான் வாய்தோங்கைப் படியில் தள்ளினேன். "இந்தாங்க. குரல்ல இருமலும் இலவசம்."

பரெட்டோ விடுவானா? "சீட்டு எழுதி முத்திரை வச்சாச்சு. கப்பல்காரன் தலையை எண்ணி வாங்குவான். மோக் லுன்னு ஒருத்தன் போயே ஆகணும். இந்தப் பையன் மோக் லுன் இல்லைன்னா குடிக்கணக்குல பேரைக் காட்டச் சொல்லுங்க!"

பையனுக்குக் காட்டப் பெயர் இல்லை. அது பரெட்டோவுக்கும் தெரிந்திருந்தது.

"ரெண்டு பேரையும் நிறுத்தி வைங்க துரை" என்றார் பெலார்மினோ.

"முடியாது. முத்திரை வச்ச சீட்டைக் கிழிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை." சால்வாதோ உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். "வாயால மோக் லுன்னு சொன்னவன் போகட்டும். அதுதான் நியாயம்."

அவ்வளவுதான், வாய்தோங் அலறினான். "நான் மோக் லுன் இல்லை! ஹோ வாய்தோங்! இந்த ஊர்க்காரன்! இவ என் பெண்டாட்டி, இவளைக் கேளுங்க!"

அப்போதுதான் கின்சாங் அந்த முகத்தைப் பார்த்தான். "அப்பா" என்று ஒரு சத்தம், மூச்சு மாதிரி வந்தது. பேயைக் கண்டவன் மாதிரிப் பின்னால் நகர்ந்தான். பிறகு கட்டிய கையோடு அப்படியே தரையில் விழுந்து வணங்கினான்.

சால்வாதோ யூக்லானிடம் திரும்பினார். பெலார்மினோதான் மொழிபெயர்த்தார்.

"நல்லாக் கேட்டுக்கம்மா. இவன் உன் புருஷன்னா, செத்ததா ஏமாத்தினதுக்கு இவனை இங்கேயே ஜெயில்ல வச்சு வழக்கு நடத்தணும். கப்பல்ல அனுப்ப முடியாது. அப்போ அந்தச் சீட்டுக்கு மிஞ்சுற ஆளு பையன்தான். குடிக்கணக்கைத் திருத்தக் கோர்ட்டு உத்தரவு வர்றதுக்குள்ள கப்பல் பாதிக் கடல் தாண்டிடும். துரை கேக்கிறாரு, இவன் உன் புருஷனா?"

வாய்தோங் அவள் மேலங்கியின் நுனியைப் பிடித்தான். தாழ்ந்த குரலில் வேகவேகமாகப் பேசினான். "ஆமான்னு சொல்லு. நான் ஊர்ல இருந்தாத்தான் அவனை மீட்க முடியும். எனக்கு ஆளுங்களைத் தெரியும். நம்ம புள்ள மேல சத்தியம் யூக்லான். நான் கிழவன், அங்க போனா செத்துடுவேன்."

அவள் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இழுத்து மூடிய வீட்டுக்கு முன்னால் நின்று யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறவளைப் போல இருந்தாள். அப்புறம் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துணியிலிருந்து பிரித்தாள்.

"என் புருஷன் செத்துட்டாரு. நானே மண்ணு போட்டேன். இந்தாளு யாருன்னு எனக்குத் தெரியாது."

ஒரு பொய்யைச் சுட்டிக்காட்டித்தான் வேலையை இழந்தவர் பெலார்மினோ. இப்போது கண்ணெதிரே ஒரு பொய், அதுவும் அவர் வாய் வழியாகப் போக வேண்டும். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் போர்த்துகீசியத்தில் சொன்னார்.

சால்வாதோவுக்குப் புரிந்ததா, புரியாத மாதிரி இருந்தாரா, அது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். தலையை அசைத்தார். பையன் கட்டை அவிழ்த்தார்கள். வாய்தோங்கைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் கால் படியில் படவே இல்லை, அவ்வளவு துடித்தான். பெரிய படகு கிளம்பி மழைக்குள் மறையும் வரை அந்த இருமல் கேட்டது.

அம்மாவையும் மகனையும் நான்தான் திரும்பக் கொண்டுவந்தேன். மழை கூரைப் பாயில் அடித்துக்கொண்டிருந்தது. பெலார்மினோ முன்பக்கம் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. யூக்லான் பையனின் மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். கை மட்டும் ஓயவில்லை, கண் எங்கேயோ இருந்தது.

வெகுதூரம் வந்தபிறகு கின்சாங் கேட்டான்.

"அம்மா, நெசமாவே அது அப்பா இல்லையா?"

நான் துடுப்பை நிறுத்திவிட்டேன்.

"உங்கப்பாவா இருந்தா, உன்னைப் பாத்த உடனே அவரே அந்தப் படகுல போயி ஏறியிருப்பாரு" என்றாள் யூக்லான். "நான் சொல்ல வேண்டி வந்திருக்காது."